ஹொகுசாய் வரைந்த எட்டுப் பாலம்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் என்றதும் ஃபூஜி மலையும் அந்தப் பெரிய அலையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஃபூஜி வரிசை வெளிவந்த சூட்டோடு, அதே பதிப்பாளருக்காக அவர் இன்னொரு தொடரும் வரைந்தார். நாட்டின் பல மாகாணங்களில் உள்ள பேர்பெற்ற பாலங்கள் பற்றியது அது. 1833, 1834 வாக்கில் வெளிவந்த அந்தத் தொடரில் மொத்தம் 11 மரக்கட்டை அச்சுப்படங்கள். அவற்றில் ஒன்று மிகாவா மாகாணத்தின் யாத்சுஹாஷி, நம் மொழியில் சொன்னால் எட்டுப் பாலம். ஓர் இலக்கிய வரி எப்படி நிலக்காட்சியாக மாறுகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்து நீட்டும் படம் இதுதான்.

படத்தைப் பார்த்துவிடலாம். சுமார் 37 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். அக்காலத்து அச்சுப்படங்களின் வழக்கமான அளவு. ஒரு சதுப்பு நிலம். அதன் குறுக்கே மரப்பாலம் ஒன்று, நேராகப் போகாமல் இப்படியும் அப்படியுமாக மடிந்து மடிந்து போகிறது. மடிவதோடு நிற்கவில்லை, ஏறவும் இறங்கவும் செய்கிறது. பலகைகளுக்குக் கீழே, தண்ணீரிலேயே வேர்பிடித்து நிற்கும் ஐரிஸ் பூக்கள். தூரத்தில் மலைகள். பாலத்தின் மேல் ஆட்கள் போகிறார்கள், எதிரே வருகிறார்கள், நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்த்து வரைந்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் ஹொகுசாய் இதை வரைந்த நாளில் அங்கே இப்படி ஒரு பாலம் கிடையாது. அவருக்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே கிடையாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. படத்தின் மேல் எழுதியிருக்கும் தலைப்பிலேயே ‘மிகாவாவின் யாத்சுஹாஷி, பழைய காட்சி’ என்று சொல்லிவிடுகிறார். பழைய காட்சி என்றால் எவ்வளவு பழையது, அதை அவர் எங்கிருந்து பார்த்தார் என்று தேடிப் போனால் ஒரு புத்தகத்தில் போய் நிற்போம்.

அந்தப் புத்தகம் ‘இசே கதைகள்’. 10-ஆம் நூற்றாண்டில் உருவானது. இன்று பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தில் 125 பகுதிகள். ஒவ்வொன்றும் சிறியது, சில பகுதிகள் நாலைந்து வரிதான். கொஞ்சம் உரைநடை, நடுவில் ஒரு பாடலோ சில பாடல்களோ. முன்னொரு காலத்தில் ஒருவன் இருந்தான் என்று பெரும்பாலான பகுதிகள் தொடங்கும். அந்த ஒருவனுக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை. இருந்தாலும் வாசகர்கள் வழிவழியாக அவனை அரிவாரா நோ நாரிஹிரா என்றே எடுத்துக்கொண்டார்கள். நாரிஹிரா நிஜமான ஆள். 825-இல் பிறந்து 880-இல் இறந்தவர், ஒரு பேரரசரின் பேரன், அழகன், பெரிய கவிஞர். பின்னாளில் அரசியாகப் போகிற தகாய்கோ என்ற பெண்ணோடு அவருக்குக் காதல் இருந்தது என்றும், அது கைகூடாமல் போனதால்தான் அன்றைய தலைநகரான கியோட்டோவைவிட்டுக் கிளம்பினார் என்றும் மரபு சொல்கிறது.

எட்டுப் பாலம் வருவது 9-ஆம் பகுதியில். தலைநகரில் இனி தன்னால் யாருக்கும் பயனில்லை என்று நினைத்துக்கொண்ட அந்த மனிதன், கிழக்கே எங்காவது போய் வாழலாம் என்று புறப்படுகிறான். கூட ஓரிரு பழைய நண்பர்கள். வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தடுமாறித் தடுமாறிப் போய் மிகாவா மாகாணத்தில் யாத்சுஹாஷி என்ற இடத்தை அடைகிறார்கள். அங்கே தண்ணீர் சிலந்தியின் கால்களைப் போலப் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. அதனால் எட்டுப் பாலங்கள் போட்டிருக்கிறார்கள், ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான் என்கிறது கதை. சதுப்பின் ஓரம் ஒரு மர நிழலில் குதிரையைவிட்டு இறங்கி, கையோடு கொண்டுவந்த உலர்த்திய சோற்றைச் சாப்பிட உட்காருகிறார்கள். சதுப்பில் ஐரிஸ் பூத்துக் கிடக்கிறது.

நண்பன் ஒருவன் சவால் விடுகிறான். இந்தப் பூவின் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகளையும் ஐந்து அடிகளின் முதலெழுத்தாக வைத்து, பயணத்தில் இருக்கும் மனசைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டு பார்க்கலாம். பூவின் பெயர் ககித்சுபாதா. அந்தக் கால எழுத்துமுறையில் ‘பா’வுக்கும் ‘ஹா’வுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எனவே க, கி, த்சு, ஹ, த. அவன் பாடுகிறான்:

கரகோரொமோ
கித்சுத்சு நரெநிஷி
த்சுமா ஷி அரெபா
ஹருபாரு கினுரு
தபி வோ ஷி ஸோ ஒமோஉ

உடுத்தி உடுத்தி உடம்போடு ஒட்டிப் பழகிய ஆடையைப் போல என்னோடு பழகிய மனைவி அங்கே இருக்கிறாள். அவளை விட்டு இத்தனை தூரம் வந்துவிட்ட இந்தப் பயணத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. இதுதான் பொருள். மூலத்தில் மனைவி என்ற சொல்லுக்கு ஆடையின் விளிம்பு என்ற பொருளும் உண்டு, தூரத்தைச் சொல்லும் சொல்லுக்குள் துணியை விரித்துக் காயப்போடுவதும் இருக்கிறது. ஆடைக்கும் பிரிவுக்கும் இடையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு வேலை செய்கிறது. பாட்டைக் கேட்டதும் எல்லோரும் அழுகிறார்கள். கண்ணீர் உலர்ந்த சோற்றின் மேல் விழுந்து சோறு ஊறிப்போயிற்று என்று அந்தக் காட்சி முடிகிறது.

அந்த ஊறிய சோறு எனக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணீரின் அளவைச் சொல்ல ஆறு, கடல் என்று போகாமல், மடியில் இருந்த சாப்பாட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது கதை.

இப்போது அந்தப் பாட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் பாலம் இல்லை. தண்ணீர் இல்லை. பூகூட இல்லை, பெயராக அடிகளின் தலையில் ஒளிந்திருப்பதைத் தவிர. ஆடையும் மனைவியும் தூரமும்தான் பாட்டு. ஆனால் அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளாக இந்தப் பகுதியை வரைந்தவர்கள் பெரும்பாலும் வரைந்தது பூவையும் பாலத்தையும்தான். பாட்டு எதைச் சொல்லாமல் விட்டதோ அதையே ஓவியம் எடுத்துக்கொண்டது. ஐரிஸும் மடிந்த பலகையும் கண்ணில் பட்டால் போதும், பிரிவும் மனைவியும் தூரமும் பார்ப்பவர் மனதில் தானாக வந்துவிடும். அவற்றை வரைய வேண்டிய அவசியமே இல்லை. இந்த அச்சுப்படத்தை வெறும் நிலக்காட்சி என்று நினைத்துக் கடந்துபோகிறவர் அந்தப் பாதியைத்தான் தவறவிடுகிறார்.

சரி, நிஜமான ஊரின் கதை என்ன? நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். 1020-ஆம் ஆண்டு, கிழக்கு மாகாணம் ஒன்றில் அதிகாரியாக இருந்த தந்தையின் பதவிக்காலம் முடிந்து, குடும்பத்தோடு தலைநகருக்குத் திரும்பிய ஒரு சிறுமி. வயது 13. கதைப் புத்தகம் என்றால் உயிர். பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதினார், அது ‘சராஷினா நாட்குறிப்பு’ என்று பெயர்பெற்றது. அவருடைய சொந்தப் பெயர் வரலாற்றில் தங்கவில்லை, சுகவாரா நோ தகாசுவேயின் மகள் என்றே குறிப்பிடுகிறார்கள். யாத்சுஹாஷி பற்றி அவர் எழுதியது மிகச் சுருக்கம்: பெயர்தான் இருக்கிறது, பாலத்தின் சுவடே இல்லை, பார்க்க ஒன்றுமில்லை.

கதைகளுக்காக ஏங்கிய ஒரு பெண் அந்த இடத்துக்கு எவ்வளவு ஆசையோடு வந்திருப்பார்! பாலம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஆனால் இடத்தின் புகழ் துளியும் குறையவில்லை. ஜப்பானிய மரபுக் கவிதையில் இப்படிச் சில ஊர்ப் பெயர்கள் உண்டு. ஒரு முறை நல்ல பாட்டில் இடம்பெற்றுவிட்டால் அந்த ஊருக்கென்று ஒரு பூ, ஒரு பருவம், ஓர் உணர்ச்சி ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற கவிஞர் அங்கே போகாமலே அந்த ஊரைப் பாடலாம். தத்சுதா ஆறு என்றால் சிவந்த மேப்பிள் இலை, யோஷினோ என்றால் செர்ரி, யாத்சுஹாஷி என்றால் ஐரிஸ். ஊர் மாறிப்போனாலும் பாட்டில் மாறாது.

நோ என்ற பழைய முகமூடி நாடக மரபிலும் இந்த இடம் நுழைந்தது. ‘ககித்சுபாதா’ என்ற நாடகத்தில் யாத்சுஹாஷிக்கு வரும் துறவி ஒருவருக்கு முன் அந்தப் பூவின் ஆவியே பெண்ணாக வந்து, நாரிஹிராவின் தொப்பியையும் அவருடைய காதலியின் ஆடையையும் அணிந்து ஆடுகிறது. பாட்டில் முதலெழுத்துகளுக்குள் ஒளிந்திருந்த பூ, மேடையில் ஆளாகவே எழுந்து நிற்கிறது.

படங்களின் வழி பார்த்தால் பெரிய திருப்பம் 1608. கியோட்டோவின் சாகா பகுதியில், சுமினொகுரா சோவான் என்ற பெரும் வணிகரின் முயற்சியில், ‘இசே கதைகள்’ படங்களோடு அச்சில் வந்தது. எழுத்து, தனித்தனி அச்செழுத்துகளால் கோத்தது. படங்கள், மரக்கட்டையில் செதுக்கியவை. அதுவரை கையால் படியெடுத்து அரண்மனை வட்டாரத்தில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த கதை அது. அதற்குப் பிறகு மலிவான பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். அந்தப் பதிப்பின் படங்களைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் பலரும் வரைந்தார்கள். மூலத்தில் எட்டுக் கிளைகளுக்கு எட்டுத் தனித்தனிப் பாலங்கள். படங்களிலோ அது மெல்ல மெல்ல ஒரே பாலமாகி, பலகை பலகையாக மடிந்து போகிற வடிவமாக நிலைத்துவிட்டது. இன்று ஜப்பானியத் தோட்டங்களில், ஒகாயாமாவின் கோராகுஎன் போன்ற இடங்களில், ஐரிஸ் படுகைக்கு நடுவே போட்டிருக்கும் மடிப்புப் பலகைப் பாலங்களுக்கு யாத்சுஹாஷி என்றே பெயர்.

ஹொகுசாய்க்கு முன்னால் இந்தக் காட்சியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஓகதா கோரின் (1658-1716). தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஒரு ஜோடி மடிப்புத் திரைகளில் தங்கப் பின்னணி, நீலப் பூ, பச்சை இலை, அவ்வளவுதான். பாலமும் இல்லை, மனிதரும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவரே மறுபடி வரைந்தபோது பாலத்தைச் சேர்த்தார். அந்தத் திரைகள் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதிலும் மனிதர் இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கதை தெரியும் என்ற நம்பிக்கை இல்லாத ஓவியன் இவ்வளவையும் நீக்கியிருக்க முடியாது. 2004-இல் வந்த 5000 யென் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டதும் கோரினின் இந்த ஐரிஸைத்தான்.

ஹொகுசாய் மனிதர்களைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் வேறு மனிதர்களை. அவருடைய படத்தில் இவர்தான் நாரிஹிரா என்று விரல்நீட்டிக் காட்டும்படி ஒருவரும் இல்லை. மர நிழல், உலர்ந்த சோறு, அழுகை என்று கதையின் மையத்தில் இருந்தது எதையும் அவர் மையத்தில் வைக்கவில்லை. கதையில் வருகிறவர்கள் பாலத்தைக் கடக்கிறார்கள் என்றுகூடச் சொல்லப்படவில்லை, ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஹொகுசாயின் ஆட்கள் நடக்கிறார்கள். அந்த ஒரு மாற்றத்தில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். அரண்மனைக் கவிஞன் ஒருவனின் தனித்துயரம் நடந்த இடத்தை, யார் வேண்டுமானாலும் கால்வைத்துக் கடக்கக்கூடிய பொதுவழியாக அவர் ஆக்கிவிட்டார்.

பாலத்தைக் கவனியுங்கள். கோரினின் பாலம் தங்கத் தளத்தின் மேல் ஒரு பட்டையாக ஓடும், அதற்கு எடை கிடையாது. ஹொகுசாயின் பாலத்துக்குக் கால்கள் உண்டு. எந்தப் பலகை எந்தத் தூணில் உட்காருகிறது, எங்கே ஏற்றம் தொடங்குகிறது என்று ஒரு தச்சனைப் போல யோசித்திருக்கிறார். இந்தத் தொடர் முழுக்கவே அவருக்கு அந்த ஆசை இருக்கிறது. ஹிதா, எத்சூ மாகாணங்களின் எல்லையில் இருக்கும் தொங்குபாலத்தை வரையும்போது, சுமையோடு போகிறவர்களின் எடையில் அது எப்படித் தொய்கிறது என்பதுதான் படமே. இல்லாத பாலத்துக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருக்கிறார். வளைவும் மடிப்பும் பார்ப்பவரின் கண்ணை முன்னாலிருந்து பின்னால், பூக்களுக்கு மேலாக, தூர மலைவரை இழுத்துப் போகின்றன. மேற்கத்திய முறையில் ஆழம் காட்டும் வித்தையை அவர் இளம் வயதிலேயே பழகியிருந்தார். கோரினின் அலங்காரத் தளம் இங்கே இடமாக விரிந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

அப்போது அவருக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. ‘முன்னாள் ஹொகுசாய், இப்போது ஈத்சு’ என்ற பொருளில் கையெழுத்திட்ட காலம். பதிப்பாளர் எடோ நகரத்தின், அதாவது இன்றைய தோக்கியோவின், நிஷிமுராயா யோஹாச்சி. கடையின் பெயர் எய்ஜூதோ. ஃபூஜி தொடர் 36 படங்களோடு முடிய வேண்டியது, விற்பனை நன்றாக இருந்ததால் இன்னும் 10 சேர்த்து 46 ஆக்கியவர்கள் இவர்கள்தான். அடுத்து அருவிகள், எட்டுப் படங்கள். அப்புறம் பாலங்கள். நடிகர்களையும் அழகிகளையும் மட்டுமே நம்பியிருந்த அச்சுப்படத் தொழிலில் நிலக்காட்சியும் விற்கும் என்று நிரூபணமான ஆண்டுகள் இவை. ஜனங்கள் யாத்திரை போகத் தொடங்கியிருந்தார்கள். போக முடியாதவர்கள் படம் வாங்கினார்கள்.

இந்த வரிசைகளை ஒன்றாகக் கட்டியது ஒரு நிறமும்தான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம், நாகசாக்கி துறைமுகம் வழியாக ஜப்பானுக்கு வந்தது. முதலில் விலை கட்டுப்படியாகவில்லை. 1820-களின் கடைசியில் விலை இறங்கியதும் எடோ அச்சகங்கள் அதை அள்ளிக்கொண்டன. அதற்கு முன் இருந்த பூச்சாற்று நீலம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் சீக்கிரம் வெளுத்துவிடும். அவுரி நீலம் நிலைக்கும், ஆனால் கட்டையில் இந்த அளவு தெளிவாக ஏறாது. நீருக்கும் வானத்துக்கும் நீலம் வேண்டும் என்ற நிலையில் நிலக்காட்சி செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரவு! பாடலின் முதலெழுத்தில் ஒளிந்திருந்த ஒரு நீலப் பூ, ஐரோப்பிய ரசாயனத்தில் பிறந்த நீலத்தின் காலத்தில் மறுபடி பூத்தது.

அச்சுப்படம் என்பதால் இது ஒருவர் கை வேலை கிடையாது. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் தருவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகையில் முகம் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் குடைந்தெடுப்பார். ஓவியரின் அசல் அதோடு அழிந்துபோகும். முதல் கட்டையிலிருந்து கருப்புக் கோட்டுப் பிரதிகள் எடுத்து, எந்த நிறம் எங்கே என்று ஓவியர் குறித்துக் கொடுக்க, நிறத்துக்கு ஒன்றாகக் கட்டைகள் செதுக்குவார்கள். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் விளிம்பிலும் இரண்டு சிறு வெட்டுக் குறிகள் இருக்கும். தாளை அந்தக் குறியில் பொருத்தி வைத்தால்தான் நிறம் கோட்டை விட்டு நகராது. தாள் காகித முசுக்கட்டை நாரில் செய்தது, ஈரம் தாங்கும். மூங்கில் மடல் சுற்றிய வட்டமான தேய்ப்பானால் அச்சிடுபவர் பின்பக்கம் தேய்ப்பார். மேலே அடர்ந்து கீழே கரைந்து போகும் வானம் கட்டையில் செதுக்கியதில் வராது. ஒவ்வொரு தாளுக்கும் ஈரத்துணியால் கட்டையில் நிறத்தைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவருவது. அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் வானம் கனத்திருக்கும், இன்னொன்றில் வெளிறியிருக்கும்.

இதே ஆண்டுகளில் ஹிரோஷிகே என்ற இன்னொரு ஓவியர், எடோவிலிருந்து கியோட்டோ போகும் தோகைதோ பெருவழியின் 53 தங்கல் ஊர்களையும் வரைந்து பெரும்புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். யாத்சுஹாஷி அந்த வழியில் 39-ஆவது ஊரான சிர்யூவை ஒட்டிய இடம். பெருவழியிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்கியிருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் விலகிப்போய்ப் பார்க்க, 1696-இல் நட்ட வழிகாட்டிக் கல் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஹிரோஷிகே சிர்யூவுக்கு என்ன வரைந்தார் தெரியுமா? குதிரைச் சந்தை. கோடைத் தொடக்கத்தில், காற்றில் சாய்ந்த புல்வெளியில் முளையடித்துக் கட்டிய குதிரைகள், நடுவே ஒரு பைன் மரம். அதன் அடியில்தான் விலை பேசுவார்கள். ஐரிஸும் இல்லை, கவிஞனும் இல்லை. அந்தப் படத்தின் தொடக்ககாலப் பிரதிகளில் பின்னால் திமிங்கலம் போல ஒரு கரிய குன்று தெரியும். பின்னால் அச்சிட்டவற்றில் அது காணாமல் போய்விட்டது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். ஒரே வட்டாரம், ஒரே காலம், ஒரே தொழில்நுட்பம். ஹிரோஷிகே அங்கே வருஷா வருஷம் நடப்பதை வரைந்தார். ஹொகுசாய் அங்கே ஆயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்படுவதை வரைந்தார். எடோ வாசகருக்கு இரண்டுமே சிர்யூதான்.

பாலத் தொடரில் ‘பழைய காட்சி’ என்று ஹொகுசாய் குறித்த படம் இன்னொன்றும் உண்டு. கோசுகே மாகாணத்தின் சானோ படகுப் பாலம். படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை போட்டு ஆற்றைக் கடக்கிற பாலம் அது. 8-ஆம் நூற்றாண்டில் தொகுத்த மான்யோஷூவின் கிழக்கு நாட்டுப் பாடல் ஒன்றில் வருகிறது. காதலர்களைப் பெற்றோர் பிரித்தால், அந்தப் படகுப் பாலத்தைப் பிரித்துப் போட்டாலும் நாங்கள் பிரிய மாட்டோம் என்று ஒரு குரல் பாடும். அதை அவர் பனிக்காலத்தில் வைத்து வரைந்தார். 11 பாலங்களில் இரண்டு, பாட்டில் மட்டும் எஞ்சியவை. மற்றவை ஆட்கள் தினமும் கடந்துகொண்டிருந்த நிஜப் பாலங்கள்: சுவோவின் கிந்தாய், ஓசாகாவின் தென்மா, ஒகாசாகியின் யாஹாகி. அந்த வரிசையில் இவற்றையும் கலந்து வைத்ததால், பாட்டில் இருப்பதும் ஒருவகையில் நாட்டின் வரைபடத்தில் இருப்பதுதான் என்றாகிவிடுகிறது. தொடரின் திட்டத்திலேயே இந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

ஹொகுசாய்க்கு இந்தக் கதையோடு நெருக்கம் ஏற்பட இன்னொரு காரணமும் இருந்தது. 9-ஆம் பகுதி யாத்சுஹாஷியோடு முடிவதில்லை. பயணிகள் கொடி படர்ந்து இருண்ட உத்சு மலைக் கணவாயைக் கடக்கிறார்கள். கோடையிலும் பனி மூடிய ஃபூஜியைப் பார்த்து வியக்கிறார்கள். கடைசியில் சுமிதா ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அங்கே ஒரு வெள்ளைப் பறவையின் பெயரைப் படகுக்காரரிடம் கேட்க, தலைநகர்ப் பறவை என்று பதில் வருகிறது. அப்படியானால் உன்னிடம் கேட்கிறேன், நான் நேசிக்கும் பெண் அங்கே உயிரோடு இருக்கிறாளா இல்லையா, என்று அவன் பாட, படகில் இருந்த எல்லோரும் மறுபடி அழுகிறார்கள். அந்தச் சுமிதா ஆறுதான் பின்னாளில் எடோ நகரத்தின் ஆறு. நகரம் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே அதன் ஆற்றங்கரை இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது, அதுவும் ஓர் அழுகையோடு. ஹொகுசாய் பிறந்து வளர்ந்தது அந்த ஆற்றின் கிழக்குக் கரையில், ஹொன்ஜோ பகுதியில். அங்கே நாரிஹிரா பெயரிலேயே ஒரு பாலம் இருந்தது. இப்போது தோக்கியோ ஸ்கைட்ரீ என்று பெயர் மாறியிருக்கும் ரயில் நிலையம் 2012 வரை நாரிஹிராபாஷி நிலையம்தான். சுமிதா ஆற்றின் மேல் இன்று நிற்கும் கோதோதோய் பாலத்தின் பெயரும் அந்தப் பறவைப் பாட்டில் ‘கேட்கிறேன்’ என்று வருகிற சொல்லிலிருந்து வந்தது.

ஆக, எடோக்காரர்களுக்கு நாரிஹிரா எங்கோ இருந்த அரண்மனை ஆள் கிடையாது. எங்கள் பக்கம் வந்து போனவர் என்ற உரிமை இருந்தது. தெருமுனைக் கடையில், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டிய காசுக்கு வாங்கிய தாளில் அந்தப் பாலத்தைப் பார்த்தபோது அந்த உரிமையும் சேர்ந்தே வேலை செய்திருக்கும்.

பாலத் தொடர் வந்து ஓரிரு ஆண்டுகளில் ஹொகுசாய் மறுபடி நாரிஹிராவிடம் போனார். நூறு கவிஞர்களின் நூறு பாடல்களை ஒரு வயதான செவிலித்தாய் விளக்கிச் சொல்வது போல அமைந்த தொடர் அது. நிஷிமுராயா சில படங்களோடு விலகிக்கொள்ள, வேறொரு பதிப்பாளர் தொடர்ந்தார். அதுவும் 27 படங்களோடு நின்றுபோனது. வெளிவந்தவற்றில் நாரிஹிராவின் படமும் உண்டு. பாட்டு, தத்சுதா ஆற்றில் சிவந்த இலைகள் மிதந்து போவதைப் பற்றியது. கடவுள்கள் வாழ்ந்த காலத்திலும் இப்படிக் கேள்விப்பட்டதில்லை, ஆறு தன் நீரைச் செந்நிறச் சாயத்தில் தோய்த்திருக்கிறது, என்கிறது பாட்டு. ஹொகுசாய் வரைந்தது அந்த ஆற்றுக்கு மேலே ஒரு பாலத்தையும், அதில் தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருக்கும் சாதாரண ஆட்களையும். இலைகள் கீழே மிதக்கின்றன.

நாரிஹிரா அந்தப் பாட்டைத் தத்சுதா ஆற்றங்கரையில் நின்று பாடவில்லை. 905-இல் பேரரசர் தைகோவின் ஆணையால் தொகுக்கத் தொடங்கிய கொக்கின்ஷூ என்ற பாடல் திரட்டில், பாட்டுக்கு மேலே இருக்கும் குறிப்பு அதன் பிறப்பைச் சொல்கிறது. தகாய்கோ பட்டத்து இளவரசரின் தாயாக இருந்த காலம். அவருடைய இல்லத்தில் இருந்த மடிப்புத் திரை ஒன்றில், இலைகள் மிதக்கும் தத்சுதா ஆறு வரையப்பட்டிருந்தது. நாரிஹிரா அந்தத் திரையைப் பார்த்துத்தான் பாடினார்.